கனமில்லாத லேப்டாப்பில் சரக்கு இருக்காது

அன்புக்கும் அதட்டலுக்கும் குறைவில்லாத என் ஒரே தங்கைக்கு, உன் அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உன் அண்ணியும் சுகம். அவள் குரல் இன்னும் சுகம், கீழ்வீடு வரைக்கும் கேட்கிறது. நூல்கடை சுகம். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சொன்னபடி படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கிப் பார்த்தாரா? குணமானால் நான் சொன்ன வைத்தியம் என்று நாலு பேரிடம் சொல்லச் சொல். விழுந்திருந்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

நேற்று நீ போன் போட்டு, "ஏண்ணா, புதுசு வாங்கிக் கொடுன்னு பணம் அனுப்பினா எவனோ தேய்ச்சு எறிஞ்ச பழசை வாங்கிக் கொடுத்திருக்கியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாய். இருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். போனில் இதுதான் சங்கடம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஆகையால் நடந்ததை நடந்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன் என்று மாப்பிள்ளை நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பார். எட்டாவதை நான் இரண்டு தடவை படித்தேன். கூட்டிப் பார்த்தால் ஒன்பது வருகிறது. அவர் கணக்கில் கொஞ்சம் வீக்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகளை, அதாவது நம் சில்வண்டை (படம் வரையும்போது மூக்காலேயே ஒரு ரீங்காரம் போடுவாளே, அதனால் இந்தக் கட்டடம் முழுக்க இப்போது அவளுக்கு அதுதான் பெயர்), நான் ராணி மாதிரி வைத்திருக்கிறேன். முன்னறையில் இருந்த நூல் பெட்டிகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஜன்னல் ஓரமாக மேசை போட்டுக் கொடுத்திருக்கிறேன். தள்ளியது தான்தான் என்று உன் அண்ணி சொல்வாள். எங்கே தள்ள வேண்டும் என்று கை காட்டியது யார் என்று திருப்பிக் கேள். படிப்பு முடித்த பிள்ளைக்கு முதல் வேலை பிடித்துக் கொடுத்ததும் நான்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு சோப்புத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் முதலாளி ஒரு நாள் சட்டைப் பொத்தான் வாங்கக் கடைக்கு வந்தார். பொத்தானை நான் தரவே இல்லை. "என் தங்கச்சி பொண்ணு ஒரு பழத்தை வரைஞ்சா காக்கா வந்து காகிதத்தைக் கொத்தும் சார்" என்று ஆரம்பித்தேன். அவர் பொத்தான் இல்லாமல், ஆனால் தன் சோப்புக்கு உறை வரைந்து தருவதற்கு ஆள் கிடைத்த நிம்மதியோடு போனார்.

சில்வண்டு வரைந்தாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் பார்த்தால், என்னவென்று சொல்வேன், அப்போதுதான் அவிழ்ந்த தளிர் மாதிரி ஒரு பச்சை. சோப்பும் அதே பச்சைதான், பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை. ஆனால் அச்சகத்திலிருந்து வந்த காகிதத்தில் அது குளத்துப் பாசியாகிவிட்டது. சோப்புக்காரர் நல்ல மனுஷர், திட்டவில்லை. உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சுத்தி வித்தா, ஜனங்க சோப்பை முதல்ல கழுவிட்டு அப்புறம் குளிப்பாங்கம்மா" என்றார். எழுந்து போகும்போது, "இன்னொரு தடவை போட்டுக் காட்டு. அதுவும் சரியா வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன். தப்பா எடுத்துக்காதே" என்றார். இப்படி மரியாதையாகச் சொன்னால்தான் மனசு அதிகம் நோகிறது. திட்டினால் திருப்பித் திட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

பிள்ளை அடுக்களையில் போய் ஒரு கையில் சோப்பையும் ஒரு கையில் உறையையும் வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. பழைய திரை பொய் சொல்கிறதாம். எல்லாவற்றையும் ஒரு சுற்று வெளுத்துக் காட்டுகிறதாம். அதை நம்பி இவள் நிறத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். முதல் வேலையே கை நழுவினால் அடுத்தது யார் தருவார்கள் என்று மூக்கை உறிஞ்சினாள். உன் அண்ணி அவள் தலையைத் தடவி, "அழாதேடி, உங்கம்மா பணம் அனுப்பியிருக்கா. உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போய் நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ" என்றாள்.

"அதை நினைச்சுத்தான் அத்தை அழறேன்" என்றாள் உன் மகள். வாய்க்கொழுப்பு உன்னிடமிருந்து வந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். நான் இஸ்திரி போட்ட சட்டை, பையில் எங்கள் கடை நூல் அட்டை. உனக்குத் தெரியாதா, எல்லா நிற நூலிலும் துளித் துளி வெட்டி வரிசையாக ஒட்டியிருக்குமே, அது. நிறம் பார்க்கப் போகிறவன் அது இல்லாமல் போனால், சவரம் பண்ணப் போகிறவன் கத்தி இல்லாமல் போகிற மாதிரி. கடைவீதியின் பெரிய கடைக்குப் போனோம். நான் வருவது தெரிந்து கண்ணாடிக் கதவு தானாகவே திறந்தது. அது எல்லோருக்கும் திறக்கும் என்கிறாள் சில்வண்டு. இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.

டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "வாங்க சார். என்ன பட்ஜெட்ல பார்க்கறீங்க?" முப்பது வருஷமாக வியாபாரத்தில் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா? கையில் இருப்பதை முதலிலேயே சொல்பவன் வாங்க வந்தவன் இல்லை, கொடுக்க வந்தவன். "பணத்தைப் பத்தி நீங்க ஏன் தம்பி கவலைப்படறீங்க? சரக்கைக் காட்டுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்து எங்களை இரண்டு மாடி ஏற்றிக் கூட்டிப்போனார். ஒரு அறை, அந்த அறைக்கு நடுவில் ஒரே ஒரு லேப்டாப், அதற்குத் தனியாக ஒரு விளக்கு. பக்கத்தில் விலைச் சீட்டு. அதைப் படித்ததும் எனக்குத் தாகமெடுத்தது. சில்வண்டு என் காதோரம், "மாமா, நாம ரெண்டு மாடி தப்பா ஏறிட்டோம்" என்றாள். "இதைவிட நல்லது இல்லையா? சரி, கீழயே பார்க்கலாம்" என்று நான் கௌரவமாக இறங்கிவிட்டேன்.

கீழே அவளும் அந்தத் தம்பியும் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை என்று சில்வண்டு உனக்குச் சொல்லியிருப்பாள். பொய். எல்லாம் புரிந்தது. உனக்கும் புரியும்படி சொல்கிறேன், கேள். லேப்டாப் என்பது ஒரு நூல்கடை. பிராசசர் என்பது கல்லாவில் நிற்கிற ஆள், அதாவது நான். கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். ரேம் என்பது முன்னால் இருக்கிற மேசை. மேசை சின்னதாக இருந்தால் ஒரு நூல் கண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க முடியும். வாங்க வந்த அம்மா சலித்துப்போய் எதிர்க்கடைக்குப் போய்விடுவாள். படம் வரைகிறவர்களுக்கு மேசை நல்ல அகலமாக வேண்டும். பின்னால் இருக்கிற அலமாரிதான் எஸ்எஸ்டி. சரக்கு அங்கே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு என்பது நிறம் சேர்த்துப் பார்ப்பதற்கென்றே தனியாக வைத்திருக்கிற ஆள், உன் அண்ணி மாதிரி. திரைதான் வாசல். மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாசலில் வெளிச்சம் சரியில்லை என்றால் வாங்கிப் போனவர்கள் எல்லாம் மறுநாள் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். சோப்புக்காரர் வந்தாரே, அந்த மாதிரி. இதை நான் அந்தத் தம்பிக்கும் விளக்கினேன். அவர் கண் கலங்கிவிட்டார். கொட்டாவி என்கிறாள் சில்வண்டு.

நீ போனில் ஆசைப்பட்டுச் சொன்னாயே, மெல்லிசாக, வெள்ளிக் கலரில், அதையும் காட்டினார். "ஒரு கிலோதான் சார், கையில எடுத்துப் பாருங்க, பூ மாதிரி." எடுத்துப் பார்த்தேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் தொழிலில் நூல் கண்டைக் கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நடுவில் அட்டையைத் தடிமனாக வைத்து, மேலே மட்டும் நூலைச் சுற்றியிருக்கிறான் என்று அர்த்தம். "தம்பி, இதுல உள்ளே சரக்குக் கம்மி. கனமா ஒண்ணு எடுங்க" என்றேன். அவர், லேசாக இருந்தால்தான் சார் விலை அதிகம் என்றார். கம்மியாகக் கொடுப்பதற்கு அதிக விலையா? இதுதான் உலகம். நான் அங்கே இருந்த லேப்டாப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி எடை பார்த்தேன். பக்கத்தில் வாங்க வந்திருந்த ஒரு பெரியவரும் என்னைப் பார்த்துத் தூக்க ஆரம்பித்தார். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

சில்வண்டு பையிலிருந்து சோப்பை எடுத்து, அந்த மெல்லிசின் திரையில் தன் படத்தைத் திறந்து பக்கத்தில் பிடித்தாள். திரையில் எலுமிச்சம்பழ மஞ்சள். "கடையில பளிச்சுனு தெரியணும்னு எல்லாத்தையும் ஏத்தி வெச்சிருக்காங்க மாமா" என்று முகத்தைச் சுருக்கினாள். அடி அசடே, கடை விளக்குக்குக் கீழே எவனாவது நிறம் பார்ப்பானா? எங்கள் கடையில் ஒரு சட்டைத் துணிக்கு நூல் கேட்டால், துணியையும் நூலையும் வாசலுக்குக் கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்த்துத்தான் கொடுப்போம். "இரு, மாமா வெளியே போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று லேப்டாப்பைத் தூக்கினேன். பின்னால் ஏதோ ஒரு வயர் மாட்டியிருந்தது. இழுத்தேன். வந்துவிட்டது. அப்புறம் கடை முழுவதும் ஒரு சத்தம் கிளம்பியதே, பத்து ஆம்புலன்ஸ் ஒன்றாக வந்த மாதிரி. யாரோ எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்து நானும் வேகமாக வாசலுக்கு நடந்தேன். கதவு வழக்கம்போல மரியாதையாகத் திறந்தது.

வெயிலில் வைத்துப் பார்த்தேன். அப்பப்பா, என்ன தத்ரூபம்! பச்சை சோப்பெல்லாம் எங்கே போனதோ, அதில் ஒரு பெரிய மனுஷருடைய முகம், மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஓடி வந்த சில்வண்டிடம், "திரைன்னா இது திரை! யாரும்மா இந்தப் பெரியவர்? பார்வை மட்டும் கொஞ்சம் திருட்டுப் பார்வையா இருக்கு" என்றேன்.

"மாமா, அது நீங்க. வெயில்ல திரை கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு."

அதற்குள் காவலாளி வந்து என் கையைப் பிடித்தார். மரியாதையாகத்தான் பிடித்தார், சட்டை மட்டும் தோள்பட்டையில் பிரிந்துவிட்டது. மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டால் ஆனைக்கு அது சறுக்குமரம்தானே? நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சார், முதல்ல ஒரு விஷயம். டஜனா எடுத்தா என்ன விலைக்குத் தருவீங்க?" மேனேஜர் அப்படியே மாறிவிட்டார். காவலாளியை வெளியே போகச் சொன்னார், டீ சொன்னார், ஒரு தட்டில் பிஸ்கட் வந்தது. "எந்த ஆபீசுக்கு சார்?" என்று பேனாவைத் திறந்தார். நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, "பல இடத்துல தேவைப்படுது" என்றேன். உன் மகளுக்கு மட்டும் பொறுமை என்பது துளியும் கிடையாது. "சார், ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் கட்டுப்படியானா" என்று சொல்லிவிட்டாள். தட்டு பின்னால் நகர்ந்தது. நான் கடித்ததை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் மேனேஜர் கெட்டவர் இல்லை. சில்வண்டின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, உண்மையைச் சொன்னார். "நீங்க சொல்ற தொகைக்குப் புதுசுல வேகமான மெஷின் தரலாம்மா, இல்லேன்னா நல்ல திரை இருக்கறது தரலாம். ரெண்டும் சேர்ந்து வராது. வரும்னு யாராவது சொன்னா நம்பாதே." அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்கு முன்பே தெரியும் என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்து, கடையின் படியில் உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். "மாமா, ஒரு இடம் இருக்கு. ஆபீஸ்ல உபயோகிச்சுத் திருப்பிக் கொடுத்த மெஷினைச் சரி பண்ணி விக்கறாங்க. என் கூடப் படிச்சவங்க எல்லாம் அங்கதான் வாங்கினாங்க. நம்ம தொகைக்குள்ள நல்ல திரை கிடைக்கும்" என்றாள். பிறகு செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு, "ஆனா பழசு வேணவே வேணாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்கதான் அவங்ககிட்டச் சொல்லணும்" என்றாள். தங்கச்சி, நீ என் உடன்பிறப்பு. உன்னிடம் எனக்கு என்ன பயம்? இருந்தாலும் நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு பக்கம் நீ. இன்னொரு பக்கம் மூக்கு சிவந்து உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளை. "உங்கம்மாவை நான் பார்த்துக்கறேன், வா" என்றேன். அந்தப் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் கடிதம்.

அது ஒரு சந்துக்குள், மருந்துக்கடைக்கு மேலே, ஒரே ஒரு அறை. சுவர் முழுக்க வயர், மேசை முழுக்க திருகாணி. நடுவில் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு அம்மாள், திறந்து போட்ட லேப்டாப்புக்குள் பஞ்சால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "பேரம் பேசறவங்க கீழேயே பேசி முடிச்சிட்டு மேல வாங்க" என்றார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது. நம் பரம்பரையில் பிறந்திருக்க வேண்டியவர்.

சில்வண்டு வந்த காரியத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் மேசைக்கு அடியில் இருந்து ஒன்றைத் தூக்கி வைத்தார். மேசை ஆடியது. என் காதுக்கு அது இனிமையாக இருந்தது. கட்டட வரைபடம் போடுகிற ஏதோ ஆபீசில் இருந்ததாம். மூடியில் ஒரு தவளை ஸ்டிக்கர், உரித்தாலும் வராது. நாலைந்து எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன. சார்ஜர் செங்கல் மாதிரி. நான் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். கனம் என்றால் கனம், தோள் வரைக்கும் ஏறியது. "இதுதான்மா. இதுல நூல் இருக்கு" என்றேன்.

"நூலா?" என்றார் அந்த அம்மாள்.

"அவர் அப்படித்தான் பேசுவார். நீங்க சொல்லுங்க" என்றாள் உன் மகள். பிறகு கேட்டாளே பார் கேள்விகள். திரை எத்தனை சதவீதம் நிறம் காட்டும், பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், சூடானால் காற்றாடி எப்படிக் கத்தும், ரேம் பின்னால் சேர்க்க முடியுமா, கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள். அந்த அம்மாளும் மறைக்கவில்லை. பாட்டரி அரை சினிமாதான் ஓடும், இடைவேளையில் மின்சாரத்தில் செருக வேண்டும். காற்றாடி கத்தும். ஆறு மாதத்துக்குள் எது போனாலும் இங்கே கொண்டுவரலாம். இப்படி நாட்டாமை பண்ணுவதற்கு உன் மகள் யாரிடம் கற்றாள் என்று நீ யோசித்துக்கொண்டே இரு. கடைசியில் அவள் சோப்பைப் போனில் படமெடுத்துத் திரையில் போட்டு, சோப்பை அதன் ஓரமாகப் பிடித்தாள். நான் நூல் அட்டையில் அந்தப் பச்சையைத் தேடி விரலை வைத்துப் பிடித்தேன். சோப்பு, நூல், திரை, மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சில்வண்டின் மூக்கிலிருந்து ரீங்காரம் கிளம்பியது. இரண்டு நாளாக நின்றுபோயிருந்த ரீங்காரம். அதற்கு மேல் உன் பேச்சை நான் எங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது?

விலை நம் தொகைக்குள் அடங்கியது, ஆனால் சில்வண்டுக்கு மேசை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசை. ரேமைச் சொல்கிறேன். அந்த அம்மாள் ஒரு பைசா இறங்கவில்லை. வேண்டுமானால் பை இலவசம் என்று ஒரு கறுப்புப் பையைத் தூக்கிப் போட்டு, "சுத்தமான பருத்தி. துவைச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அங்கேதான் மாட்டினார். நூல்காரனிடம் பருத்தி என்று சொல்லலாமா? பையின் விளிம்பில் ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்து, நுனியில் வைத்தேன். பருத்தியாக இருந்தால் சாம்பலாக உதிரும், காகித வாசனை வரும். இது உருகிச் சுருண்டு மணியாக நின்றது. "நைலான்!" என்று நான் வெற்றியோடு கையை வீசியபோதுதான், மேசையில் மூடி திறந்திருந்த பாட்டிலில் இருப்பது தண்ணீர் இல்லை, துடைக்கிற ஸ்பிரிட் என்று எனக்குத் தெரிந்தது. சில்வண்டு "மாமா!" என்று கத்தினாள். அந்த அம்மாள் கையில் இருந்த டீயை அப்படியே என் மேல் ஊற்றினார். குச்சி அணைந்தது. என் சட்டையும் அன்றோடு ஓய்வு பெற்றது.

அந்த அம்மாள் காலி டம்ளரை மேசையில் வைத்தார். "என் கடையையே கொளுத்தப் பார்த்தீங்களே, மனுஷனா நீங்க?" என்றார். "பருத்தின்னு சொன்னீங்களே, நீங்க மட்டும்?" என்றேன் சொட்டச் சொட்ட. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து, ரேம் துண்டு ஒன்றை எடுத்து உள்ளே செருகிக் கொடுத்து, "இதை எடுத்துக்கிட்டு முதல்ல கீழே இறங்குங்க" என்றார். பார், உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேரம் பேசியிருப்பார்கள். ஒரே ஒரு தீக்குச்சியில் மேசையை இரண்டு மடங்கு அகலமாக்கியவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை இடம் மாத்தணும்னா நாலு பேர் வரணும் போலிருக்கே" என்றாள். பொறாமை. சில்வண்டு அன்றைக்கே உட்கார்ந்துவிட்டாள். காற்றாடி கத்துகிறது, அதற்கு மேல் இவள் ரீங்காரம், முன்னறை முழுக்க ஒரே கச்சேரி. உறையை முதலில் இருந்து மறுபடி வரைந்து, சோப்பைப் பக்கத்திலேயே வைத்து நிறத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்து, நேற்று சாயங்காலம் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். நல்ல நிறைவாகச் சாப்பிட்டாள். என்னிடம், "மாமா, நீங்க வந்ததால பயமே தெரியலை" என்றாள். வேறு எதற்கும் பயப்பட நேரம் கிடைக்கவில்லை என்று ஏதோ சேர்த்துச் சொன்னாள், அது காற்றாடிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: மூளை இருக்கிறது. பழசுதான், ஆனால் கனமானது. இந்த லேப்டாப்பை, நிறம் பார்க்கத் தெரிந்த கண்ணால், அலைந்து திரிந்து, ஒரு சட்டையைப் பலி கொடுத்துத் தேர்ந்தெடுத்தவன் நான். அது காட்டுகிற நிறம் சத்தியம். என்ன வந்தாலும் மாறாது. நீயும் மாப்பிள்ளையும் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருங்கள், வயிறு வலிக்காமல் சாப்பிடுங்கள், கடன் கேட்கிறவர்கள் உங்கள் தெருவை மறந்துபோகட்டும், முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கட்டும். சின்னவனை என் சார்பில் ஒரு குட்டு குட்டு. உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். என்னைப் பற்றி நீ சொன்னதுதான் சரி என்றும் சொல்லச் சொன்னாள், அதை நான் சொல்லப் போவதில்லை.

என்றும் உன் நன்மையே நாடும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்துவிட்டுத் தபால் பெட்டிக்குக் கிளம்பிய நேரம் பார்த்துச் சோப்புக்காரர் வந்துவிட்டார், அச்சான உறையோடு. ஒட்டிய கடிதத்தைப் பிரித்துச் சொல்வதற்கு ஒன்று இருப்பதால் இதை உள்ளே சொருகுகிறேன். லேப்டாப் வந்த அன்று, பிள்ளை குளிக்கப் போயிருந்தபோது, அதில் நிலாப் படம் போட்ட ஒரு பொத்தானைப் பார்த்தேன். அமுக்கினால் திரை வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாகிக் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று எதிலோ படித்திருந்தேன். பிள்ளை கண் கெடக்கூடாதே என்று அமுக்கிவிட்டேன். சாயங்கால வெயில் மாதிரி நன்றாகத்தான் இருந்தது. புது மெஷின் என்பதால் அதன் நிறமே அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடையில் பார்த்தபோது சரியாகத்தானே இருந்தது என்று ஒரு தடவை முணுமுணுத்தாள். ஜன்னல் வெளிச்சம் என்று நான்தான் சொன்னேன். மஞ்சளான திரையில் சோப்பின் பச்சையைக் கொண்டுவர அவள் நீலத்தை ஏற்றியிருக்கிறாள், ஏற்றியிருக்கிறாள், ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

சோப்புக்காரர் காகிதத்தை மேசையில் விரித்தார். விடியற்காலையில் கடல் இருக்குமே, அந்த நிறம். பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. "இது என் சோப்போட நிறம் இல்லியேம்மா" என்றார். சில்வண்டு முகத்தில் ரத்தமே இல்லை. "இல்ல சார்" என்றாள். நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து நூல் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன். சோப்புக்காரர் தன் சோப்பை எடுத்து உறைமேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் போனை எடுத்துத் தொழிற்சாலையில் யாரையோ கூப்பிட்டு, "அடுத்த கலவையில சாயத்தை மாத்தறோம். உறையை எடுத்துட்டு வரேன், அதுக்கு ஏத்த மாதிரி சோப்பைப் போடுங்க" என்றார். போனை வைத்துவிட்டு, "இத்தனை வருஷமா என் சோப்பு என்ன நிறத்துல இருக்கணும்னு எனக்கே தெரியாம இருந்திருக்கும்மா. மத்த மூணு சோப்புக்கும் நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் சில்வண்டு நிலாப் பொத்தானைக் கண்டுபிடித்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதவில்லை, உன்னிடம் நான் சின்ன வயசில் பார்த்ததுதான். அப்புறம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உன் அண்ணியும் சேர்ந்துகொண்டாள். அந்த லேப்டாப்பிலிருந்து நான் ஒரு கை தூரத்தில்தான் இனி நிற்க வேண்டும் என்று தீர்ப்பு.

ஆகையால் தங்கச்சி, நிறம் சத்தியம், மாறாது என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடு. நீ சொன்ன அந்த வெள்ளி மெல்லிசை வாங்கியிருந்தாலும், அதில் நிலாப் பொத்தான் இருந்திருந்தால், காரியம் இப்படியேதான் நடந்திருக்கும். லேப்டாப்பை நான் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியிருப்பதையும் அடித்துவிடு. இரண்டு கடையிலும் கேள்வி கேட்டு அதைத் தேர்ந்தெடுத்தவள் உன் மகள். மாப்பிள்ளை கேட்டால் அப்படியே சொல். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான் நான்.